டென்சில் எண்ணிய இருபது நொடி

எங்கள் ஊர்க் கல்லூரியின் கூடைப்பந்து அணி ஒரு பாயிண்டில் தோற்றது சனிக்கிழமை. திங்கட்கிழமை காலை எங்கள் மாரிகுப்பம் ஸ்டேஷனில் நான் பெங்களூர் வண்டி ஏறியபோது, டென்சில் அண்ணன் அந்தத் தோல்விக்கு ஐந்து காரணங்களோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஆறாவது காரணம் அவரேதான். அதை மட்டும் அவர் எடுத்து வரவில்லை.

அண்ணனுக்கு வயது ஐம்பத்தாறு. ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறார். கூடைப்பந்து என்றால் உயிர்; ஆனால் ஆடியதில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரே ஒருமுறை மாற்று ஆளாக இறங்கியிருக்கிறார். பந்து கைக்கு வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. அந்த ஆட்டத்தைப் பற்றி இன்றைக்கும் அரை மணி நேரம் பேசுவார். மைத்துனி கல்யாணத்தில், சர்ச்சுக்குள் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு போனில் ஸ்கோர் கேட்ட மனிதர்.

அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. யாரும் கொடுக்காத வேலை. காலையில் வண்டிக் கதவில் நின்றுகொண்டு, பிளாட்பாரத்தில் ஓடி வருகிறவர்களுக்காக நேரம் எண்ணுவார். "இருவது... பத்தொம்போது... ஓடியா, ஓடியா!" சரியாக எண்ணினால் ஜனங்கள் நடந்து வருவார்களாம், அதனால் வேகமாக எண்ணுவார். அவர் எண்ணி முடித்து வெகு நேரம் கழித்துத்தான் வண்டி நகரும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் அந்தக் குரல் கேட்டால் கால் தானாக ஓடும். தினமும் தன் அப்பா ராமசாமியைப் பைக்கில் கொண்டுவந்து ஸ்டேஷனில் விடுகிற பரத்துக்கும் அப்படித்தான். பரத் கல்லூரி அணியின் கேப்டன்.

அந்தச் சனிக்கிழமை கடைசி நிமிடத்தில் கரண்ட் போய்விட்டது. ஸ்கோர்போர்டு அணைந்தது. மேஜையில் இருந்தவர் கையில் ஒரு ஸ்டாப்வாட்ச் மட்டும். நாங்கள் அறுபத்தொன்று, பெங்களூர்ப் பையன்கள் அறுபது. இருபது செகண்ட் பாக்கி என்று கத்திவிட்டு நடுவர் பந்தை எங்கள் பக்கம் கொடுத்தார். பரத் அதை வாங்கித் தட்டிக்கொண்டே ஓடினான். யாரிடமும் பறிகொடுக்காமல் வைத்திருந்தால் போதும், ஆட்டம் எங்களுடையது.

படிக்கட்டில் ஏறி நின்ற டென்சில் அண்ணன், பழக்க தோஷத்தில் எண்ண ஆரம்பித்தார். அதே பிளாட்பாரத்து வேகம். பத்து வந்ததும் கூட்டம் முழுக்கச் சேர்ந்துகொண்டது. நானும்தான். மறைப்பானேன், தொண்டை கிழியக் கத்தினேன். "மூணு, ரெண்டு, ஒண்ணு!" பரத் இரண்டு கையாலும் பந்தை வானத்தைப் பார்த்து வீசிவிட்டுத் துள்ளிக் குதித்தான்.

ஸ்டாப்வாட்சில் இன்னும் ஏழு நொடி இருந்தது. பெங்களூர்ப் பையன் ஒருவன் இறங்கி வந்த பந்தைப் பிடித்துக்கொண்டு போய் அலுங்காமல் வளையத்தில் போட்டான். அவ்வளவுதான். எண்ணிய வாய்கள் எல்லாம் மூச்சுக்கூட விடாமல் பரத்தைத் திட்ட ஆரம்பித்தன.

திங்கட்கிழமை குற்றவாளி நடுவர். கோலார் தங்க வயல்காரன் ஜெயித்தால் அவருக்கு வயிறு எரியும் என்றார் அண்ணன். அப்புறம் வளையம் ஓரங்குலம் சாய்ந்திருந்தது. கரண்ட் ஆபீஸ்காரர்களும் ஒரு நாள் மாட்டினார்கள். பயிற்சியாளர் ஜெயசீலி மிஸ் அடுத்த ஆட்டத்தில் பரத்தை வெளியே உட்கார வைக்கப்போகிறார் என்று புதன்கிழமை தெரிந்தது. வரும் சனிக்கிழமை நடக்கும் அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். பரத்துக்கு இது கடைசி வருஷம்.

"கரெக்ட்டா செஞ்சாங்க," என்றார் டென்சில் அண்ணன். "மண்டையில இன்னா கீது அவனுக்கு? ஒண்ணு ரெண்டு எண்ணத் தெரியாதவனுக்கு எதுக்குய்யா கேப்டன்?"

எதிர் சீட்டில் ராமசாமி டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தார். பெட்டியில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. திறந்தால், கூடச் சேர்ந்து எண்ணியது யார் என்ற கேள்வி வரும். பொத்திக்கொண்டு இருப்பதில் எங்களை மிஞ்ச எந்த டீமும் கிடையாது.

அன்று மாலை டென்சில் அண்ணனை அவர் மனைவி பியூலா அக்கா பிடித்துக்கொண்டார். எங்கள் லைன் வீடுகளுக்கு நடுவே ஒரே சுவர்தான். எனக்கு எல்லாம் கேட்டது.

"எண்ணினது நீங்கதானே? கிரவுண்டுலேர்ந்து நம்ம சமையல்கட்டு வரைக்கும் கேட்டுச்சு."

"நான் எண்ணினா, அவன் எதுக்கு கேக்கணும்?"

"முப்பது வருஷமா நானே கேட்டுக்கினு கீறேன். அவன் சின்னப் பையன், கேக்கமாட்டானா? மிஸ்ஸப் போய்ப் பாருங்க. இல்ல, நான் போறேன்."

வெள்ளிக்கிழமை அண்ணன் லீவு போட்டார். "மகிழா, நீயும் வாடா," என்று என்னையும் இழுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனார். கையில் நாலு பக்கக் கடிதம். மூன்றரைப் பக்கம் நடுவரைப் பற்றி. கரண்ட் ஆபீசுக்கு ஒரு பத்தி. கடைசி வரியில், மற்ற எழுத்தைவிடச் சின்ன எழுத்தில், "எண்ணியது நான்."

ஜெயசீலி மிஸ் பக்கங்களைப் புரட்டிக் கடைசி வரியை மட்டும் படித்தார்.

"எண்ணினது நீங்கன்னு எனக்கு அன்னிக்கே தெரியும் சார். பரத்தைக் கேட்டேன். யாரும் எண்ணல மிஸ், நானே தப்பா எண்ணிட்டேன்னான். எழுதியும் குடுத்தான். பொய் சொன்னதுக்குத்தான் வெளியே உக்கார வெச்சேன்."

"எதுக்கு மிஸ் பொய் சொன்னான்?"

"எண்ணினவரை இனிமே கிரவுண்டுக்குள்ள விடமாட்டேன்னு சொல்லியிருந்தேன். நீங்க மேட்ச் பாக்காம இருக்கமாட்டீங்கன்னு அவனுக்குத் தெரியும்."

அண்ணன் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ராமசாமிக்கு எதிரே உட்கார்ந்து அவர் பேசியதெல்லாம் என் காதிலேயே மறுபடி கேட்டது. அண்ணனுக்குக் கேட்காமலா இருக்கும்? கைக்குட்டையை எடுத்து முகம் முழுக்கத் துடைத்தார். எனக்கும் வெட்கமாக இருந்தது. நானும் எண்ணினேன் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

"நாளைக்கு அவன் ஆடுவானா மிஸ்?"

"ஆடுவான். நீங்க கேட்டைத் தாண்டி வரக்கூடாது."

"கேட்டுக்கு வெளிய, ஓரமா, வாயை மூடினு நின்னா?"

"உங்களால முடியுமா சார்?"

முடியும் என்று சொல்லத்தான் அண்ணன் வாயைத் திறந்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். கடிதத்தை நாலாக மடித்து மிஸ் மேஜையில் வைத்துவிட்டு எழுந்தார்.

"முடியாது மிஸ்," என்றார்.