நான் தேர்ந்தெடுத்த லேப்டாப்

தர்மபுரியில் என் மகளின் காது மெஷினுக்கு ஒலி அளவு சரிசெய்து தரும் பெண்ணின் பெயரை நான் கேட்டதே இல்லை. முப்பது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருப்பார். மெஷினைக் குழந்தையின் காதில் வைக்கும் முன் உள்ளங்கையில் பொத்திச் சூடாக்குவார்.

அவருடைய பழைய லேப்டாப் அடிக்கடி நின்றுவிடும் என்று, அங்கே வரும் குழந்தைகளின் அம்மாக்கள் நாங்கள் பணம் சேர்த்துப் புதிது வாங்கிக் கொடுத்தோம். படித்தவள் என்று தேர்வை என்னிடம் விட்டார்கள். கரண்ட் போனாலும் நாள் முழுக்க ஓடுமே என்று புது வகைச் சிப் உள்ளதை எடுத்தேன்.

அடுத்த முறை போனபோதும் அவர் பழையதில்தான் வேலை செய்துகொண்டிருந்தார்.

"புதுசுக்கு என்னங்க ஆச்சு?"

"மெஷின் செட் பண்ற சாஃப்ட்வேர் பழைய சிப்புக்கு எழுதுனதுங்க. இதுல ஓட மாட்டேங்குது."

"ஐயோ, கேட்டுட்டு வாங்கியிருக்கணும்."

"கடைக்காரருக்கே தெரியாதுங்க. வுடுங்க."

அடுத்து, எங்களோடு பணம் போட்டவர்களில் ஒருவரான இண்டூர்க்காரம்மாவின் மகள் மெஷின் செட் பண்ண உட்கார்ந்தாள். பாதியில் பழைய லேப்டாப் அணைந்தது. எவ்வளவு முயன்றும் திரும்ப வரவில்லை.

"பாப்பாவுக்கு செட் பண்ண இனி நீங்க சேலத்துக்குத்தாங்க போகணும்" என்றார் அவர்.

"அவ்ளோ நல்லதா வாங்கிக் குடுத்தோம், அதக் கத்துக்கக்கூடாதா? சும்மா வெச்சு அழகு பாக்கறீங்களா?" என்று அவரிடம் சீறினார் இண்டூர்க்காரம்மா.

"இன்னும் கத்துக்கலைங்க. எந் தப்புதான்."

அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. உண்மையைச் சொல்ல எழுந்தவள், சொல்லாமல் உட்கார்ந்துவிட்டேன். ஏன் எனக்காகப் பேச்சு வாங்கினார் என்று இன்றும் புரியவில்லை.

அந்தச் சிறுமி எங்கள் மூவரின் உதடுகளையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் உதடுகள் அசையவே இல்லை.