மேகலா வீட்டுப் புல்தரை

ஆண்டிமடத்துப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டு, பஸ் மாறி அரியலூர் வந்து இறங்கும்போதே மேகலாவுக்கு உடம்பு ஓய்ந்துபோயிருக்கும். அன்றைக்கு வீட்டு கேட்டைத் திறந்ததும் செருப்பு சேற்றில் புதைந்தது. புல்தரை முழுக்கத் தண்ணீர் சீறிக்கொண்டிருந்தது. கையிலிருந்த போனில் கணவன் ராஜவேலின் செய்தி: "இங்கருந்து நிறுத்த முடியல. என்னன்னு பாரு."

அவன் இருப்பது மஸ்கட்டில். சுண்ணாம்புக்கல் லாரி புழுதி கிளப்பும் ஊரில் புல்தரை வேண்டும் என்று மேகலாவா கேட்டாள்? அவனுக்குத்தான் ஆசை. போன லீவில் வந்து புல் பதித்து, குழாய் இழுத்து, தண்ணீரை அங்கிருந்தே போனில் திறக்கவும் மூடவும் வசதி செய்துவிட்டுப் போனான். புல் வெட்டுவதும் களை பிடுங்குவதும் போனில் ஆகாதாம். அதெல்லாம் மேகலா தலையில்.

இருந்தும் அந்தப் புல்லைக் காயவிடாமல் பார்த்துக்கொண்டாள். இந்த மாதத்தோடு அவனுடைய ஒப்பந்தம் முடிகிறது. "வந்துடலாமான்னு பாக்குறேன்" என்று போன வாரம் வாய்தவறியாவது சொல்லியிருந்தான். வந்துவிட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து லீவுக்கு வருகிற விருந்தாளியோடு குடும்பம் நடத்தி அவளுக்கு அலுத்துவிட்டது.

பையை வராந்தாவில் போட்டுவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். சுவரிலிருந்த டைமர் பெட்டியை அணைத்தாள். தண்ணீர் நிற்கவில்லை. அப்படியானால் கரண்டில் கோளாறு இல்லை, வால்விலேயே ஏதோ இருக்கிறது. புல்லுக்கு நடுவே மண்ணில் பதித்திருந்த மூடியைத் தூக்கினாள். வால்வின் பக்கத்தில், கையால் திறந்துவிடுவதற்கென்று ஒரு சின்னத் திருகு உண்டு. அதுவும் இறுக்கமாகத்தான் இருந்தது. மோட்டாரை நிறுத்தினால் தண்ணீர் நிற்கும், ஆனால் வீட்டுக் குழாய்களும் சேர்ந்து நின்றுபோகும். எத்தனை நாளைக்கு நிறுத்தி வைப்பது?

இப்போதைக்கு நிறுத்திவிட்டு, ஸ்க்ரூ டிரைவரோடு ஈரத்தில் மண்டியிட்டாள். வால்வின் தலையைக் கழற்றினாள். உள்ளே ஒரு ஸ்பிரிங், அதற்கடியில் வட்டமான ரப்பர். ரப்பரின் விளிம்பில் அரிசிக் குருணை அளவுக்குச் சுண்ணாம்புத் துணுக்கு ஒன்று சிக்கியிருந்தது. போர் தண்ணீரோடு வந்திருக்கும். அது இருக்கும்வரை ரப்பர் எப்படிப் படியும்? விரலால் தட்டிவிட்டு, எல்லாவற்றையும் கழுவிப் பூட்டி, மோட்டாரைப் போட்டாள். தண்ணீர் கொஞ்சம் சீறி, அடங்கி, நின்றது.

சந்தோஷம் வரவில்லை. அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். மோட்டார் புகைந்தபோது அவள்தான் பார்த்தாள். மாடி ஒழுகியபோதும் அவள்தான். ஒவ்வொரு தடவையும் "நீ இருக்குறப்ப எனக்கென்ன கவலை" என்பான், ஒப்பந்தத்தை நீட்டிப்பான். அவள் கெட்டிக்காரியாக இருக்க இருக்க அவன் வருவது தள்ளித்தள்ளிப் போகிறது. இது இத்தனை நாள் தனக்கு உறைக்காமல் போனதே என்று ஆற்றாமையாக இருந்தது.

வீடியோ காலில் அவன் கூப்பிட்டான். எடுப்பதற்கு முன்னால் மேகலா அந்தச் சின்னத் திருகைத் தளர்த்தினாள். தண்ணீர் மறுபடி எழும்பியது.

"நிக்கலங்க" என்று போனை அந்தப் பக்கம் திருப்பிக் காட்டினாள். "எல்லாத்தையும் கழட்டிப் பாத்துட்டேன். எனக்குப் புடிபடல. நீங்க வந்து பாத்தாதான் ஆவும்."

"புல்லுதானே, விடு. ஆள வுட்டு அந்த லைனையே அடைச்சுடு, காஞ்சா காயட்டும்" என்றான். பிறகு குரலை இறக்கி, "நேத்தே கையெழுத்துப் போட்டுட்டேன் மேகலா. இன்னும் மூணு வருஷம். சம்பளம் ஏத்தித் தராங்க" என்றான்.

"சரிங்க" என்றாள். வீணாகப் போகிற தண்ணீரைப் பார்க்கப் பொறுக்காமல், குனிந்து திருகை இறுக்கினாள். புல்தரை அடங்கியது.

"அட, நின்னுடுச்சே" என்றான் ராஜவேல். "பாத்தியா? உன்னால ஆவாததுன்னு ஒண்ணு இருக்கா? இதுக்குப் போயி நான் வரணுமாக்கும்."

அவன் குரலில் இருந்தது கலப்படமில்லாத பெருமை.