மாலதி பார்த்த சைபர்

சிதம்பரத்திலிருந்து தினமும் காலை ஆறரை பஸ்ஸில் நின்றுகொண்டே கடலூருக்குப் போய், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினோரு வருடமாக மயக்க மருந்து டெக்னீஷியனாக வேலை பார்க்கிறாள் மாலதி. டிப்ளமோ படித்து வாங்கிய வேலை. சொந்தக்காரர்களுக்கு அதெல்லாம் பிடிபடாது. "கர்ச்சீப்புல மருந்த ஊத்தி மூக்குல அமுக்குவியா?" என்று கல்யாண வீடுகளில் அக்கறையாக விசாரிப்பார்கள்.

போன வருடம் ஆஸ்பத்திரிக்கு ஒரு புது மானிட்டர் வந்தது. நோயாளி விடும் மூச்சை மெல்லிய குழாய் வழியே இழுத்து, அதற்குள் அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சும். மயக்க வாயு அந்தக் கதிரில் கொஞ்சத்தை விழுங்கிவிடும். விழுங்கியது எவ்வளவு என்று பார்த்து, மூச்சில் வாயு எவ்வளவு இருக்கிறதென்று திரையில் எண்ணாகக் காட்டும். நிர்வாகம் அதற்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, வாசலில் பேனரும் கட்டியது. அது காட்டும் எண்ணைப் படிப்பது மட்டும் யாருடைய வேலை என்று சொல்லவில்லை.

அன்றைக்கு ஸ்ரீமுஷ்ணத்துத் தில்லையம்மாளுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். மயக்க டாக்டர் ஜெயப்பிரகாஷ் அந்தம்மாளை ஊசியில் தூங்க வைத்து, தூக்கம் கலையாமலிருக்க வாயுவைத் திறந்துவிட்டு, புதுக் கார் வெள்ளையா கறுப்பா என்று போனில் மனைவியோடு தீவிர ஆலோசனையில் இருந்தார். மாலதி திரையைப் பார்த்தாள். இரண்டில் இருக்க வேண்டிய எண் சைபரில் நின்றது.

"சார், வாயு உள்ள போவல. சைபர் காட்டுது."

"டயல் ரெண்டுலதான இருக்கு? மருந்தும் ரொம்பி இருக்கு. மெஷின் ஒளறுதும்மா, விடு."

"ஆடாம அசங்காமதான படுத்திருக்காங்க?" என்று சர்ஜனும் தன் பங்குக்கு ஆறுதல் சொன்னார்.

அசையாமல் இருப்பதற்கென்றே தனியாக ஓர் ஊசி உண்டு; தில்லையம்மாளுக்கும் போட்டிருந்தது. அதைப் போட்டுவிட்டால், முழு விழிப்பில் வயிற்றை அறுத்தாலும் சுண்டுவிரல் அசையாது. பெரிய படிப்பு படித்த இருவருக்கும் அது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

"நாடி நூத்திப் பதினெட்டு சார்! அவுங்க முழிச்சிருக்காங்க!" மாலதி கத்தியேவிட்டாள்.

பதிலுக்குக் காத்திராமல் வாயு வரும் மருந்துக் குடுவையைத் தொட்டுப் பார்த்தாள். ஆடியது. முந்தின நாள் சர்வீஸுக்கு வந்தவர் கோணலாக மாட்டிவிட்டுப் போயிருந்தார். டயலை மூடி, தூக்கி நேராக உட்காரவைத்துப் பூட்டித் திருப்பினாள். ஜெயப்பிரகாஷ் போனைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து, தூங்க வைக்கும் மருந்தை நரம்பில் ஏற்றினார். எண் ஏறியது, நாடி இறங்கியது.

மறுநாள் வார்டில் தில்லையம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "'முழிச்சிருக்காங்க'ன்னு கத்துனது நீதான? எல்லாம் கேட்டுச்சும்மா. ஆமாண்டின்னு சொல்ல வாய் வரல." மாலதிக்குக் கண்ணீர் முட்டியது. கட்டிலருகே நின்ற ஜெயப்பிரகாஷ், ஜுரமே இல்லாத அந்தம்மாளின் ஜுர சார்ட்டை ரொம்ப நேரம் படித்தார்.

அடுத்த வாரம் மாலதிக்கு மெமோ வந்தது: தியேட்டரில் டாக்டர்கள் முன் குரல் உயர்த்தியதற்கு விளக்கம் தரவும். அவள் எழுதும் முன்பே ஜெயப்பிரகாஷ் அதை வாங்கி, "மெதுவாகச் சொன்னபோது நான் கேட்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாலதியை ஏறிட்டுப் பார்க்காமல், "ஸாரிம்மா" என்றார்.

மெமோ வாபஸ் ஆனது. நிர்வாகம் சும்மா இருக்குமா? தியேட்டர் கதவில் 'அமைதி காக்கவும்' என்று புதுப் பலகை மாட்டியது.