தொலைபேசியில் எலி என்று சொன்னவர்

கமலா டொக்டரின் கணவர் செல்வராசா மாஸ்டர் எனக்குப் போன் எடுப்பவர் அல்ல. அந்த வீட்டில் கதையெல்லாம் டொக்டருக்கு, வாசிப்பெல்லாம் மாஸ்டருக்கு. அதனால், மீன் கழுவிக்கொண்டிருந்த காலைப்பொழுதில் போனில் மாஸ்டரின் குரலைக் கேட்டதுமே ஏதோ நடந்துவிட்டது என்று எனக்கு விளங்கிவிட்டது. "ரஹீமா, உங்கட டொக்டர் போயிட்டா. நித்திரையிலயே போயிட்டா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பயப்படாமப் போயிட்டா" என்றார். வேறு யாராவது என்றால் நோகாமல் போனார் என்றுதான் சொல்லியிருப்பார்கள். நான் ஈரக்கையோடு கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கமலா டொக்டரை அவரது சொந்த ஊரான உடப்பில் எல்லோரும் 'எலி டொக்டர்' என்றுதான் சொல்வார்கள். மிருக வைத்தியம் படித்த பெண் மாடு பார்ப்பார், ஆடு பார்ப்பார் என்று ஊர் காத்திருக்க, அவர் எங்கள் கரையில் இருந்த ஆய்வு நிலையத்துக்கு வெள்ளை எலிகளைப் பார்க்க வந்துவிட்டார். மட்டியிலும் நண்டிலும் விஷம் இருக்கிறதா என்று அந்த எலிகளில்தான் சோதிப்போம். கொழும்பில் உள்ள ஓர் ஆய்வுகூடத்துக்கும் எலி வளர்த்து அனுப்புவோம். ஊரார் கேலி செய்தால் டொக்டர் கோபிக்கமாட்டார். "ஆட்டு டொக்டர் ஊருக்கு ஊர் இருக்காங்க. எலிக்கு நான் ஒருத்திதான்" என்பார்.

நான் மாம்புரியிலிருந்து அங்கே உதவியாளராகப் போன புதிதில், "சாகப்போற எலிக்கு ஏன் டொக்டர் இவ்வளவு உபசாரம்?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். "சாவை நான் தடுக்க ஏலாது, ரஹீமா. பயத்தைத் தடுக்கலாம்" என்றார். பிறகு காரணமும் சொன்னார். பயந்த எலிக்கு இதயம் தாறுமாறாக அடிக்கும், விஷமே இல்லாவிட்டாலும் உடம்பு வேறு மாதிரிக் காட்டும், நாங்கள் நல்ல மட்டியை விஷம் என்று எழுதிவிடுவோம். "பயந்த எலி பொய் சொல்லும்" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை. ஒரு வெள்ளிக்கிழமை நான் அத்தர் பூசிக்கொண்டு போனதற்கு வாசலிலேயே மறித்து, கழுவிவிட்டு வா என்று அனுப்பினார். எங்கள் உடம்பில் இருக்கும் எதையும் அவை மணந்து அறிந்துவிடும் என்பார்.

சண்டை நடந்த அந்த வருடங்களில் எங்கள் உடம்பில் அத்தரைவிடப் பயம்தான் கூடுதலாக மணத்திருக்கும். பஸ் சோதனைச் சாவடிக்குக் கிட்டப் போகும்போதே டொக்டரின் கை அடையாள அட்டையைத் தேடும். என்னைவிட அவருக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். ஆனாலும் தன் தமிழ்ப் பெயரைச் சொல்லும்போது குரல் மெலிந்துவிடும். நான் இயல்பிலேயே பயந்தாங்கொள்ளி, ஒளிக்கவும் தெரியாது. அவர் ஒளிப்பார்.

டொக்டர் கோயில் திருவிழாவுக்கு லீவில் உடப்புக்குப் போயிருந்தபோதுதான் அது நடந்தது. கொழும்புக்கு எலி அனுப்பவேண்டிய கிழமை அது. சிலாபத்தில் ஒரு கொமினிகேஷன் கடையிலிருந்து எனக்குப் போன் எடுத்தார். லைன் இரைச்சலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் கத்தினார். "கொழும்புக்குப் போற எலியெல்லாம் தயாரா? புதுசா வந்ததுகளைத் தனியா வையுங்க. ஆரையும் உள்ள விடாதீங்க. நான் வந்துதான் அனுப்புவன்!"

கடையில் நின்ற யாரோ ஒருவருக்கு 'எலி' என்பது 'புலி' என்று கேட்டிருக்கிறது. அந்த ஓர் எழுத்தை மாற்றிவிட்டு அவர் சொன்னதைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். எனக்கு இப்போதும் உடம்பு சில்லிடுகிறது.

அடுத்த நாள் விடிய இராணுவ ஜீப் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. மாஸ்டர் முகாம் வாசலில் போய் நின்றார். திருப்பி அனுப்பினார்கள். மறுநாளும் போனார், அன்றும் அப்படித்தான். அந்நாட்களில் அப்படிப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வரவில்லை என்பது நம் எல்லோருக்கும் தெரியும். எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் நிலையத்தின் சாரதி சுனில்தான் வழி கண்டுபிடித்தார். "சொல்லி வேலையில்லை, தங்கச்சி. கொண்டுபோய்க் காட்டுவோம்" என்று தன் கொச்சைத் தமிழில் சொன்னார். ஒரு கூட்டில் எலிகளைப் போட்டு நிலையத்து வான் வண்டியில் ஏற்றினோம். வழியெல்லாம் எனக்குத் தெரிந்த ஓதலையெல்லாம் ஓதிக்கொண்டே போனேன்.

சுனில் வாசலில் நெடுநேரம் மன்றாடினார். உள்ளே மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி இருந்தார். கூட்டைப் பார்த்து, "மே த கொட்டியா?" என்றார், இதுவா புலி என்று. சிரிக்கவில்லை. டொக்டரைக் கூட்டிவரச் சொன்னார். வந்தவரின் முகத்தை நான் இங்கே விவரிக்கப்போவதில்லை. அதிகாரி கூட்டைத் திறந்து ஓர் எலியின் வாலைப் பிடித்துத் தூக்கினார். அது அந்தரத்தில் துடித்தது.

டொக்டர் இரண்டு எட்டில் மேசைக்கு வந்து அந்த அதிகாரியின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். யா அல்லாஹ், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். கதவடியில் நின்ற சிப்பாய் துவக்கைத் தூக்கினான். டொக்டர் அவனைப் பார்க்கவே இல்லை. "அப்படிப் பிடிக்காதீங்க சேர், அதுக்குப் பயம். உள்ளங்கையில வையுங்க" என்று சிங்களத்தில் மெதுவாகச் சொல்லி, எலியை அதிகாரியின் உள்ளங்கையில் இறக்கி, அவருடைய மற்றக் கையால் மூடிவிட்டார். துடிப்பு நின்றது. அதிகாரி அந்த எலியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுனிலிடம், "கூட்டிக்கொண்டு போங்கள்" என்றார்.

வான் பிரதான வீதிக்கு வந்த பிறகுதான் டொக்டருக்கு நடுக்கம் தொடங்கியது. பல் அடித்துக்கொண்டது. "ரஹீமா, அந்த எலியைவிட எனக்குப் பயமா இருந்திச்சு" என்றார். மாஸ்டர் வெளிநாட்டுக்குப் போய்விடுவோம் என்றார். டொக்டர் மறுத்துவிட்டு வேலைக்கு வந்தார். ஆனால் எலியறைக்குள் காலை வைக்கவில்லை. வாசலில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டார். "நான் இப்ப உள்ள போனா அதுகளுக்குத் தெரிஞ்சிடும்" என்றார். வாசலில் இருந்தபடியே அவர் சொல்ல, உள்ளே நான் செய்தேன். கிழமைகள் போயின. எலி தொடாத எலி டொக்டருக்குச் சம்பளம் எதற்கு என்று மேலிடத்தில் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த வேலை போனால் அவர் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியும்.

ஒரு நாள் மத்தியானம், "கிட்ட வந்து இருங்க ரஹீமா" என்றார். முகாமில் என்ன கேட்டார்கள், என்ன செய்தார்கள் என்று முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். அழவில்லை. "மாஸ்டருக்கு மட்டும் சொல்லிடாதீங்க. அந்த மனுஷன் தாங்கமாட்டார்" என்றார். எழுந்து போய்க் கையைக் கழுவினார். துடைத்தார். கதவைத் திறந்து உள்ளே போனார். கூட்டுக்குள் கைவிட்டபோது ஓர் எலிகூட மிரளவில்லை. நான்தான் வாசலில் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு போனில் அவர் 'எலி' என்று சொன்னதே இல்லை. சிங்களத்தில் 'மீயோ' என்பார். சண்டை முடிந்து, ஓய்வு பெற்று, வீட்டில் இருந்து பழைய கதை பேசும்போதும் 'மீயோ'தான். நான் சிரிப்பேன். அவர் சிரிக்கமாட்டார்.

சாவீட்டில் மாஸ்டர் என்னைப் பின்பக்கம் கூப்பிட்டார். "அங்க என்ன நடந்தது எண்டு இவ எனக்கு ஒருநாளும் சொல்லல்ல. நானும் கேக்கல்ல. உங்களுக்குச் சொன்னவவா?" என்று கேட்டார். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சொன்னவ மாஸ்டர். உங்களுக்குச் சொல்லவேணாம் எண்டும் சொன்னவ" என்றேன். மாஸ்டர் கிணற்றடியைப் பார்த்தபடி, "அப்ப நீங்களே வெச்சிருங்க" என்றார்.

வைத்திருக்கிறேன். டொக்டரின் படமோ, அவர் பாவித்த பொருளோ என்னிடம் எதுவும் இல்லை. அவருடைய பயம் என்னிடம் இருக்கிறது. அன்று என்னிடம் தந்துவிட்டு உள்ளே போனவர் அதைத் திரும்பக் கேட்கவே இல்லை. இன்றைக்கும் எங்கள் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றால், யாரென்று பார்க்க என் பிள்ளைகள்தான் போகவேண்டும். நான் எழும்பமாட்டேன்.