பொட்டுத் துப்பாக்கி காசியம்மாள்

முனியன்கொட்டாயில் காசியம்மாளை யாரும் காசியம்மாள் என்று சொல்வதில்லை. முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவள் பொட்டுத் துப்பாக்கிதான். முகத்துக்கு நேரே சொல்ல யாருக்குத் தைரியம்? சொன்னவனின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் தெருவில் போட்டுவிடுவாள்.

தீபாவளிக்குப் பிள்ளைகள் வாங்குகிற பொம்மைத் துப்பாக்கி தெரியுமல்லவா? பொட்டுப் பொட்டாக மருந்து வைத்த சிவப்புக் காகிதச் சுருளை உள்ளே மாட்டி விசையை இழுத்தால், ‘டப்’ என்று காதைக் கிழிக்கும். கொஞ்சம் புகை வரும், மருந்து வாசனை வரும். குழாய் வழியாக ஒரு கடுகுகூட வெளியே வராது. அதுதான் பொட்டுத் துப்பாக்கி. அந்த ஊரில் மனிதர்களுக்கும் அதே பெயர்தான். மேடையில் மட்டும் முழங்குகிற வார்டு மெம்பர், சங்கிலியில் கிடந்துகொண்டு குரைக்கிற நாய், பால் ஊற்றப் போனால் எரிந்து விழுகிற சொசைட்டிக்காரர், எல்லோரும் பொட்டுத் துப்பாக்கிதான். “போய்க் கேளுடா, பொட்டுத் துப்பாக்கி அது, ஒண்ணும் பண்ணாது” என்பார்கள். அந்தச் சொல்லில் கேலி பாதி, பாசம் பாதி.

காசியம்மாளுக்கு அந்தப் பெயரை வைத்தது ஊர் இல்லை, தாலி கட்டிய பச்சியப்பனேதான். கல்யாணமான மூன்றாம் மாதம், பக்கத்து வீட்டுச் செல்லியின் ஆடு இவர்கள் அவரைக்கொடியில் வாய் வைத்துவிட்டது. காசியம்மாள் போட்ட சத்தத்தில் செல்லி ஆட்டை இழுத்துக்கொண்டு அழுதபடி ஓடினாள். சாயங்காலம் அதே காசியம்மாள் ஒரு முறம் அவரைக்காயோடு செல்லி வீட்டு வாசலில் நின்றாள். “புள்ளைங்களுக்குக் கொழம்பு வைடி. மூஞ்சியத் தூக்கி வச்சிக்காத” என்று கொட்டிவிட்டு வந்தாள். மறுநாள் பச்சியப்பன் டீக்கடையில் சொல்லிச் சிரித்தார்: “எம் பொண்டாட்டியக் கண்டு யாரும் பயப்படாதீங்கப்பா. பொட்டுத் துப்பாக்கி. சத்தந்தான், குண்டு கெடையாது.”

காசியம்மாள் நாலு நாள் அவரோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் பேசாமல் இருக்க முடியவில்லை. வாய் அப்படி.

திட்டுவதற்கென்று தனியாக உட்கார அவளுக்கு நேரம் ஏது? அடுப்படியில் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு களி கிண்டும்போதே திட்டுவாள். வெளியே கட்டிலில் பச்சியப்பன் கேட்டுக்கொண்டிருப்பார். அவள் மூச்சு வாங்க நிறுத்தியதும், “சுட்டாச்சா?” என்பார். வருகிற சிரிப்பை விழுங்கிக்கொண்டு, “ஆச்சு, வந்து கொட்டிக்குங்க” என்பாள். முப்பத்தோரு வருடமாக இதுதான். கொஞ்சல் என்று அந்த வீட்டில் வேறு எதுவும் நடந்ததில்லை.

இந்த ஆடி மாதத்திலிருந்து அந்தச் ‘சுட்டாச்சா’ நின்றுபோனது. அவள் திட்டி முடிப்பாள், காத்திருப்பாள், வாசலில் சத்தமே இருக்காது. எட்டிப் பார்த்தால் மனிதர் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கோபமா என்று கேட்டால், “ஆமா ஆமா, நாளைக்குப் பாத்துக்கலாம்” என்பார். என்ன பதில் இது? ஓசூரில் வேலை பார்க்கும் மகள் வெண்மதிக்குக் காசியம்மாள் போன் போட்டு, “உங்கப்பனுக்கு நான் சலிச்சுப் போயிட்டேன்டி. நாயி கொரைக்கற மாதிரி ஆயிப்போச்சு எம் பேச்சு” என்று அழுதாள். மகள் தேற்றிப் பார்த்தாள். தேறவில்லை.

தீபாவளி கழிந்து பத்து நாள் இருக்கும். இருவரும் காரிமங்கலம் சந்தைக்குப் போனார்கள். பச்சியப்பன் பூசணிக்காயைத் தோளில் வைத்துக்கொண்டு நடு ரோட்டில் முன்னே நடந்தார். பின்னால் மினி பஸ் வந்து ஆரன் அடித்தது. நகரவில்லை. மறுபடி அடித்தது. காசியம்மாள் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தாள். பஸ் உரசாத குறையாகப் போனது.

“செவிட்டுப் பொணமே, வூட்ல சொல்லிட்டு வந்தியா?” என்று கத்திவிட்டுப் போனான் டிரைவர்.

“கேட்டுச்சு காசி. வேணும்னேதான் நவுரல. அவனுக்கென்ன அவ்வளவு திமுரு?” என்றார் பச்சியப்பன்.

பூசணிக்காயை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டே வேறு பக்கம் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். காசியம்மாளுக்குச் சுரீர் என்றது. அவரைப் பூசணிக்காயோடு உட்காரவைத்துவிட்டு நேரே ஊர்க்காரன் ராஜாமணியின் பெட்டிக்கடைக்குப் போனாள். தீபாவளிச் சரக்கில் மிஞ்சிய பொட்டுத் துப்பாக்கி ஒன்று கம்பியில் தொங்கியது.

“அத எடுங்க. சுருளும் குடுங்க.”

“துப்பாக்கிக்கே துப்பாக்கியா அக்கா?” என்றான் ராஜாமணி. வேறு நாளாக இருந்தால் கடையையே தலைகீழாகக் கவிழ்த்திருப்பாள். அன்றைக்கு வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு போனாள். ராஜாமணிதான் பயந்துபோனான்.

மறுநாள் காலை பச்சியப்பன் மாட்டுக்கொட்டாயில் குனிந்து மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தார். காசியம்மாள் பத்தடி பின்னால் நின்று விசையை இழுத்தாள். டப்! கன்றுக்குட்டி துள்ளியது. வேப்பமரத்துக் காக்காய் எல்லாம் எழுந்து பறந்தது. அவர் தட்டை வெட்டிக்கொண்டே இருந்தார்.

ஐந்தடிக்குப் போனாள். டப்! வெட்டிக்கொண்டே இருந்தார். ‘காரிமங்கலத்து ஈசுவரா, ஒரு தடவ திரும்பட்டும். ஆயுசுக்கும் இவரத் திட்ட மாட்டேன்’ என்று மனசுக்குள் கும்பிட்டாள். கை எட்டும் தூரத்துக்குப் போய் மூன்றாம் முறை இழுத்தாள்.

பச்சியப்பன் திரும்பினார்.

“கேட்டுச்சா! கேட்டுச்சுங்களா?” துப்பாக்கியோடு அவர் தோளைப் பிடித்துக் குலுக்கினாள்.

அவர் அவள் வாயைப் பார்த்தார், கையில் இருந்த துப்பாக்கியைப் பார்த்தார். “கேட்டுச்சு, கேட்டுச்சு” என்றார். அவள் பொலபொலவென்று அழ ஆரம்பித்தாள். அந்தக் கண்ணீரைப் பார்த்ததும் அவரால் தாங்க முடியவில்லை. அரிவாளைக் கீழே வைத்தார்.

“இல்ல காசி. கேக்கல. மருந்து வாசன வந்துச்சு.”

இருபத்திரண்டு வருடம் கல்குவாரியில் குழி அடித்து வெடி வைத்த மனிதர். காது போனாலும் அந்த மூக்கு போகவில்லை.

“எப்பலருந்துங்க?”

அவருக்கு அது புரியவில்லை. அவள் முகத்துக்கு நேரே வந்து மறுபடி கேட்டாள்.

“ஆடிக்கு முன்னாலயே. எடது காது சுத்தமா போச்சு. வலது காதுல கெணத்துக்குள்ள பேசறாப்புல கொஞ்சம் வருது.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா நீ பாவம் பாத்து திட்டறத நிறுத்திருவ. அப்புறம் வூட்ல என்ன இருக்கு?” அவர் தலையைக் குனிந்துகொண்டார். “நீ அடுப்படியிலருந்து சுடற. எனக்கு முதுகுதான் தெரியுது. முடிஞ்சுதா இல்லியான்னு தெரியாம எப்படிக் கேக்கறது?”

ஐயோ, இதற்காகவா நாலு மாதமாகச் சலித்துப்போனார் என்று நினைத்து அழுதாள்! காசியம்மாள் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். கூடையைக் கவிழ்த்து அவரை அதன்மேல் உட்காரவைத்தாள். எதிரே தரையில் உட்கார்ந்து, அவர் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். ஈசுவரனிடம் சொன்னது ஞாபகம் வராமல் இல்லை. அந்தக் கணக்கை அப்புறம் சாமியிடம் பேசிக்கொள்ளலாம்.

“யோவ்” என்று ஆரம்பித்தாள். ஒவ்வொரு சொல்லாக, வாயை நன்றாகத் திறந்து, நிறுத்தி நிறுத்தித் திட்டினாள். பஸ்ஸில் அடிபட்டுச் செத்திருந்தால் அந்தப் பூசணிக்காயோடா நான் குடும்பம் நடத்துவது என்று திட்டினாள். குவாரிக்காரனைத் திட்டினாள். காதில் பஞ்சு வையுங்கள் என்று எத்தனை தடவை சொன்னேன் என்று திட்டினாள். நாளைக்கே தருமபுரி பெரியாஸ்பத்திரிக்குப் போகிறோம், மிஷின் வைக்கிறோம், மாட்டேன் என்று மட்டும் சொல்லிப் பார் என்று விரலை ஆட்டினாள். பச்சியப்பன் கண் இமைக்காமல் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தோரு வருடத்தில் அவள் திட்டும்போது அவள் முகத்தை அவர் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவள் வாய் நின்றது. அவர் இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார்.

“சுட்டாச்சா?” என்றார்.

காசியம்மாளுக்கு மறுபடி அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது.

“இன்னும் இல்ல” என்று அவருக்குத் தெரிகிற மாதிரி வாயைத் திறந்து சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள்.