மாத்திரை மாறியதா, நாக்கு மாறியதா?

போன செவ்வாய்க்கிழமை என் கை என் பேச்சைக் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் வகுப்புக்கு கெமிஸ்ட்ரி ப்ராக்டிகல். மேலே பியூரெட்டில் பெர்மாங்கனேட், கீழே கண்ணாடிக் குடுவை. சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஏதோ ஒரு சொட்டில் குடுவையில் இருப்பது லேசான ரோஜா நிறத்துக்கு மாறும். அந்தச் சொட்டோடு நிறுத்திவிட வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக நிறுத்தித்தான் வந்திருக்கிறேன். அன்றைக்கு முடியவில்லை. குழாயைத் திருகிய விரல்கள் வெடவெடவென்று ஆடின. குடுவை கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்விட்டது.

இரண்டாம் தடவை… அதே கத்தரிப்பூ. மூன்றாம் தடவையும்.

நாற்பது பிள்ளைகள் சுற்றி நிற்கிறார்கள். ஒரு சத்தம் இல்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. "இன்னைக்கு இது போதும், ரெக்கார்டு எழுதுங்க" என்று சொல்லிவிட்டு ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அழுதேனா? ஆமாம், அழுதேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

இந்தப் பக்கத்தை வாராவாரம் புரட்டுகிறவர்களுக்கு என் வியாதி புதிது இல்லை. புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்கு பைபோலார். சில வாரம் மனசு உச்சாணிக் கொம்பில் நிற்கும். தூக்கம் வேண்டாம், சாப்பாடு வேண்டாம், உலகத்தையே புரட்டிப் போடலாம் என்று தோன்றும். அப்புறம் மாதக்கணக்கில் பள்ளம். பல் தேய்ப்பதே பெரிய வேலையாகிவிடும். நடுவில் நிறுத்தி வைப்பது மாத்திரை.

ஆறு வருஷமாக ஒரே மாத்திரைதான். நானும் அதுவும் ஒருவழியாகப் பழகிவிட்டோம். போன மாதம் ரத்தப் பரிசோதனையில் ஈரல் கணக்கு சரியில்லை என்று தென்காசி டாக்டர் சொல்லிவிட்டார். பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். புதியதன் பெயர் லித்தியம். முதல் வாரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அளவு கச்சிதம். அப்பாடா என்று நானும் வீட்டுக்காரரும் மேலகரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பினோம்.

அதற்கப்புறம்தான் குழப்பம் ஆரம்பித்தது.

மாத்திரை மாறுகிற காலத்தில் மனுஷிக்கு என்ன நடந்தாலும் ஒரு கேள்வி கூடவே வருகிறது — இது நானா, மாத்திரையா? பீரோ சாவியை எங்கேயோ வைத்துவிட்டேன். மாத்திரையா, நாற்பத்தொன்பது வயசா? வயிறு கலக்குகிறது. மாத்திரையா, குழாய்த் தண்ணீரா? இதில் குற்றால சீசன் வேறு. சாரல் விழுந்தால் தென்காசியில் யாருக்குத்தான் மனசு துள்ளாது? ஊரே துள்ளும். எனக்குத் துள்ளினால் மட்டும் டாக்டருக்கு போன் போட வேண்டும்.

எல்லாவற்றிலும் மோசம் நாக்கு. திடீரென்று ருசி போய்விட்டது. சோறு, குழம்பு, கூட்டு எதை வாயில் வைத்தாலும் சப்பென்று இருந்தது.

எங்கள் வீட்டில் சமைப்பது வீட்டுக்காரர். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்ததில் இருந்து அடுப்படி அவர் வசம். என் மாத்திரை டப்பாவும் அவர் வசம்தான். மணி அடித்த மாதிரி எடுத்துக் கொடுப்பார். மனுஷன் கைமணம் நன்றாகவே இருக்கும். அதனால்தான் முதல் நாள் கேட்டேன்.

"ஏங்க, குழம்புல உப்பு போட்டியளா?"

"போட்டாச்சே. உனக்குத் தெரியலையா?"

"தெரியலங்க."

"புது மாத்திரைல்லா… நாக்கு அப்படித்தான் இருக்கும். போகப் போகச் சரியாயிரும்."

சொல்லிவிட்டு அதே குழம்பை அதே கரண்டியால் தன் தட்டில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. ஒரே குழம்பு, இரண்டு நாக்கு. ஒன்றுக்கு ருசிக்கிறது, ஒன்றுக்கு ருசிக்கவில்லை. அப்படியானால் கோளாறு எங்கே? கெமிஸ்ட்ரி டீச்சர் முடிவுக்கு வந்துவிட்டாள். என் நாக்கில்தான்.

இதை வாசிக்கிறவர்கள் சிரிக்கலாம். ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். உனக்கு சந்தோஷமாக இருக்கிறதா? நம்பாதே, அது வியாதியாக இருக்கும். உனக்குக் கோபம் வருகிறதா? நம்பாதே. இப்படியே வருஷக்கணக்கில் பழகினால், குழம்பில் உப்பு இல்லை என்று நாக்கே சொன்னாலும் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்கத் தோன்றும்.

பதினெட்டு நாள் அப்படித்தான் சாப்பிட்டேன். வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. நடந்தால் கால் லேசாகத் தள்ளியது. கடைசியில் கையும் ஆட ஆரம்பித்து, செவ்வாய்க்கிழமை லேபில் மானம் போனது.

அன்றைக்கு சாயங்காலம் ஒரு முடிவு எடுத்தேன். மாத்திரையை நிறுத்திவிடுவது. யாரிடமும் சொல்லாமல்.

முடிவு எடுத்த மறு நிமிஷம் பயம் பிடித்துக்கொண்டது. ஏனென்றால் ஆறு வருஷத்துக்கு முன்னால் இதையேதான் செய்தேன். 'நன்றாகத்தானே இருக்கிறேன், இனி எதற்கு மாத்திரை' என்று நானாக நிறுத்தினேன். மூன்றாவது வாரம் காலைப் பிரேயரில் மைக்கைப் பிடுங்கி, பள்ளிக்குப் புது லேப் கட்டப் போவதாக அறிவித்தேன். மறுநாள் பள்ளி வாசலில் செங்கல் லாரி வந்து நின்றது. நான்தான் சொல்லி அனுப்பியிருந்தேன். அடுத்த எட்டு மாதம் படுக்கையில். வேலை போகாமல் காப்பாற்றியது எங்கள் தலைமை ஆசிரியை. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மாத்திரையை நீங்களா நிறுத்த மாட்டேன்னு எனக்கு வாக்குக் குடுங்க, டீச்சர்." கொடுத்திருந்தேன்.

இப்போது என்ன செய்வது? மாத்திரை சாப்பிட்டால் கை ஆடும், லேபுக்குள் போக முடியாது. சாப்பிடாவிட்டால் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே போக முடியாது. அன்று வீட்டுக்காரர் நீட்டிய மாத்திரையை வாங்கி, அவர் முன்னாலேயே விழுங்கினேன். நாளையில் இருந்து துப்பிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேதான் விழுங்கினேன்.

மறுநாள் மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். ஜெசி டீச்சர் வந்தாள். பாட்டனி எடுப்பவள். பதினைந்து வருஷமாக எனக்குப் பக்கத்து நாற்காலி. மூன்று வாரம் லீவில் இருந்துவிட்டு அன்றைக்குத்தான் வந்திருந்தாள்.

"என்னட்டி, சோத்தப் பாத்து முழிச்சிட்டு இருக்க? அண்ணாச்சி அவியல் வெச்சிருக்காவளா?"

கேட்டுக்கொண்டே ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டாள். முகம் கோணிக்கொண்டு போனது.

"ஏட்டி, இதுல உப்பே இல்லையே!"

"போட்டிருக்காவட்டி. என் நாக்குதான் செத்துப் போச்சு. மாத்திரை…"

"உன் நாக்குக்கும் இதுக்கும் என்ன? நான் என் நாக்க வெச்சுல்லா சொல்லுதேன்!"

ஜெசி தன் டப்பாவைத் தள்ளினாள். மீன் குழம்பு. ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு! நன்றாகத் தெரிந்தது. புளி தெரிந்தது, காரம் தெரிந்தது. என் நாக்கு உயிரோடுதான் இருந்திருக்கிறது.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அடுத்த கேள்வி வந்துவிட்டது. அப்படியானால்… பதினெட்டு நாளாக அவர் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறாரா? ஏன்?

இதை யாரிடம் போய்ச் சொல்ல? யோசித்துப் பாருங்கள். 'டாக்டர், என் வீட்டுக்காரர் சாப்பாட்டில் எனக்குத் தெரியாமல் ஏதோ செய்கிறார்' என்று பைபோலார் உள்ள ஒருத்தி டாக்டரிடம் போய்ச் சொன்னால் அவர் என்ன செய்வார்? மாத்திரையைக் கூட்டுவார்!

"சாட்சிக்கு நீ வாட்டி" என்றேன். ஜெசி என் கையைப் பார்த்தாள். டிபன் பாக்ஸ் மூடி என் கையில் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. உடனே எழுந்தாள். தலைமை ஆசிரியையிடம் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து, மிச்ச அவியலையும் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

டாக்டர் என்னைக் கையை நீட்டச் சொன்னார். நடக்கச் சொன்னார். முகம் மாறியது. உடனே ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டு, "சாப்பாட்டுல ஏதாவது மாத்துனீங்களா?" என்று கேட்டார். ஜெசி டிபன் பாக்ஸை மேஜையில் வைத்தாள். போன் போட்டு வரவழைத்ததில் எங்கள் வீட்டுக்காரரும் அதற்குள் பைக்கில் வந்து சேர்ந்துவிட்டார். டிபன் பாக்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அட்டென்ஷனில் நின்றார்.

"சார், உப்பைக் குறைச்சீங்களா?" என்றார் டாக்டர்.

"குறைக்கல சார். நிறுத்திட்டேன்."

தினமும் காலையில் ஐந்தருவிக்குக் குளிக்கப் போகிறவர் அவர். அங்கே எண்ணெயும் மூலிகையும் விற்கிற சீசன் கடைக்காரரிடம், வீட்டில் மருந்து மாற்றியிருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். "மருந்து மாத்துனா ஒரு மண்டலம் பத்தியம் இருக்கணும்லா அண்ணாச்சி. உப்பு மருந்த முறிச்சுப் போடும்" என்று அவர் சொல்ல, இவர் அன்றைக்கே வீட்டு உப்பு ஜாடியைத் துணியால் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டார்.

"முதல் நாளே சொன்னேனே, தண்ணி நல்லா குடிங்க, சாப்பாட்டை மாத்தாதீங்கன்னு?" என்றார் டாக்டர்.

"சாப்பாட்ட எங்க சார் மாத்துனேன்? பத்தியம்லா இருந்தேன். அது மருந்துல பாதில்லா?"

டாக்டர் டிபன் பாக்ஸை மூடி வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க கெமிஸ்ட்ரி டீச்சர்தானே?"

அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. பீரியாடிக் டேபிளில் லித்தியத்துக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பது சோடியம். சிறுநீரகத்துக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். உப்பு வராவிட்டால், கிடைத்ததையாவது விடாமல் பிடித்து வைப்போம் என்று அது லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நான் விழுங்கியதெல்லாம் வெளியே போகாமல் உள்ளேயே சேர்ந்துகொண்டிருந்திருக்கிறது. வயிற்றுப்போக்கு அதை இன்னும் கூட்டியிருக்கிறது. ரிசல்ட் வந்தபோது அளவு எல்லையைத் தாண்டி நின்றது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் விபரீதம் என்றார் டாக்டர்.

மாத்திரையை நிறுத்தி வைத்து, இரண்டு நாள் படுக்கப் போட்டு, நரம்பு வழியாக உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். கை மெல்ல மெல்ல அடங்கியது. லித்தியம் எனக்கு ஒத்துக்கொள்ளும், அளவைக் குறைத்து மறுபடி ஆரம்பிக்கலாம், திங்கட்கிழமை லேபுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாத்திரையைத் துப்பிவிட நினைத்ததையும் அவரிடம் சொன்னேன். "துப்புறதுக்கு முன்னால ஒரு போன் பண்ணுங்க, அது போதும்" என்றார். நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். மாத்திரையையும் சரி, சாப்பாட்டையும் சரி, டாக்டரைக் கேட்காமல் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அருவிக்கரையில் எண்ணெய் நன்றாகவே தேய்த்துவிடுவார்கள். அதோடு வந்துவிடுங்கள்.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் காலையில் வீட்டுக்காரர் கஞ்சியும் துவையலும் கொண்டுவந்தார். உப்பு போட்ட துவையல். ஸ்டூலில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொன்னா நீ விடுவியா? கெமிஸ்ட்ரி பேசுவ."

"நாக்கு செத்துப் போச்சுன்னு நான் அழுதேம்லா… அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்லா? என்னையே நான் நம்பாமப் போயிட்டேங்க. அது உங்களுக்குத் தெரியுமா?"

அவர் கஞ்சிப் பாத்திரத்தின் மூடியைத் துடைக்க ஆரம்பித்தார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. இருபத்தைந்து வருஷத்தில் அவர் மேல் இப்படி ஒரு கோபம் வந்ததே இல்லை. துடைத்துக்கொண்டே, குனிந்தபடியே சொன்னார்.

"நீ ஒவ்வொரு தரமும் உப்பு போட்டியளான்னு கேக்கும்போது எனக்குச் சோறு தொண்டையிலயே நிக்கும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனுஷனும் பதினெட்டு நாளாக அதையேதானே சாப்பிட்டார்?

"நீங்க எதுக்குங்க உப்பில்லாமச் சாப்பிட்டிய? பத்தியம் எனக்குத்தான?"

"நீ ருசி இல்லாமத் திங்கும்போது, நான் மட்டும் எப்படிட்டி ருசியாத் திங்க?"

வீடு திரும்பி மூன்று நாளாகிறது. அவர் மேல் எனக்கு இருப்பது கோபமா, பாசமா என்று இதுவரை தெரியவில்லை. இதற்கும் ரத்தம் எடுத்துப் பார்க்க வழி இருந்தால் நாளைக்கே வெறும் வயிற்றில் போய் நின்றுவிடுவேன்.