பால் வெள்ளை அக்லேயா

ஸ்மோலாந்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சமைக்கும் எல்னாவுக்குத் தோட்டத்தில் ஒரே நிறம்தான் ஆகும், வெள்ளை. வேலியோரம் முழுக்க அக்லேயா. தலை கவிழ்ந்து, முதுகில் ஐந்து கொக்கி வைத்த பூ. ஒருதரம் நட்டால் போதும், பனிக்கடியில் கிடந்து வருஷா வருஷம் ஜூனில் எழுந்துவிடும். அடுத்த வீடு நாத்தனார் சிக்னேயுடையது. அங்கே பூத்ததெல்லாம் கருநீலம்.

சிக்னேயின் மகள் தீராவுக்கு இரண்டு வருஷம் கழித்து ஜூனில் கல்யாணம் என்று நிச்சயமானபோது எல்னாதான் முந்திக்கொண்டாள்.

"சர்ச்சுக்குப் பூ என் பொறுப்பு அண்ணி. பால் வெள்ளையா நெறைச்சிடறேன்."

"டவுன்ல ரோஜா சொல்லிடலாமே."

"கடைப்பூவா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

வேலியோரத்துப் பூ மட்டும் சர்ச்சுக்குப் போதாதென்று, அந்த இலையுதிர் காலத்திலேயே தன் செடியின் விதையை உதிர்த்துப் புதுப் பாத்தியில் தூவினாள். மறுவருஷம் வெறும் இலை. அதற்கடுத்த ஜூனில், கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கையில், முதல் மொட்டு விரிந்தது. கருநீலம். அடுத்தது ரோஸ். அறுபது செடியில் ஒன்பதுதான் வெள்ளை.

தானாக முளைத்ததையெல்லாம் குருத்திலேயே பிடுங்கிப் போட்டவள் அவள். ஒன்றையும் பூக்கவிட்டுப் பார்த்ததில்லை. வேலிக்கு அந்தப் பக்கமும் போய் மகரந்தம் சுமந்துவந்த வண்டுகளை அவள் நினைக்கவேயில்லை.

மூன்று நாள் நாத்தனார் கண்ணில் படாமல் பின்வாசல் வழியாகவே வேலைக்குப் போனாள். நாலாம் நாள் சிக்னேயே காப்பிப் பாத்திரத்தோடு வந்து நின்றாள். கூடவே தீரா.

"என்ன எல்னா, பால் திரிஞ்சு போச்சா?"

"சிரிக்காதீங்க அண்ணி. உங்க செடி பண்ணின வேலை."

"என் செடி வேலிக்குள்ளதான் நிக்குது. உன் செடிதான் எடம் குடுத்திருக்கு."

எல்னாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கொடுத்த வாக்கை நினைத்து வெள்ளைச் செடிகளை மறுபடி எண்ணினாள். அதற்குள் தீரா பாத்திக்கருகே குந்தியிருந்தாள்.

"அத்தை, இதப் பாருங்க. வெளிய நீலம், உள்ள வெள்ளை. ஒரே பாவாடையை நீங்களும் அம்மாவும் பிடிச்சு இழுக்கிறாப்புல இருக்கு. எனக்கு இதுதான் வேணும்."

சனிக்கிழமை விடிந்ததும் இரண்டு தோட்டத்தையும் மொட்டையடித்து வாளி வாளியாகச் சர்ச்சுக்குக் கொண்டுபோனார்கள். புதுப் பாத்தியின் ஒன்பது செடி வெள்ளைப் பூவும் மணப்பெண்ணின் தலையில் ஏறின. அதற்குப் பிறகு எல்னா ஒரு முளையைக்கூடப் பிடுங்கவில்லை.

மறுவருஷம் தீராவுக்குப் பெண் பிறந்தது. மூக்கு எந்த வீட்டு ஜாடை என்று தொட்டிலைச் சுற்றி ஒரே வாக்குவாதம்.

"நீ சொல்லு," என்றாள் சிக்னே.

"ரெண்டு கோடை போகட்டும் அண்ணி. பூத்தப்புறம் சொல்றேன்," என்றாள் எல்னா.